ஜெர்மனி: டி.யூ.வா, ஹோக்ஷூலேயா? தங்கைக்கு ஆவுஸ்பில்டுங் சரிப்படுமா?

கேள்வி, 2025 மே 18

அண்ணா, பி.இ. மெக்கானிக்கல், சி.ஜி.பி.ஏ. 7.9. மாஸ்டர்ஸுக்கு இரண்டு அட்மிட் வந்திருக்கிறது. ஒன்று டி.யூ. (டெக்னிக்கல் யூனிவர்சிட்டி), பெரிய நகரம், நான்கு செமஸ்டர். இன்னொன்று பவேரியாவில் ஒரு சின்ன ஊர் ஹோக்ஷூலே (தொழில் சார்ந்த கல்லூரி), மூன்று செமஸ்டர். "யூனிவர்சிட்டியே கிடைச்சிருக்கு, அப்பறம் காலேஜுக்கு எதுக்குப் போகணும்" என்கிறார் அப்பா. ஹோக்ஷூலே டிகிரிக்கு மதிப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா? தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அவளுக்கு நர்சிங் ஆவுஸ்பில்டுங் (சம்பளத்தோடு தொழிற்பயிற்சி) வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். அதையும் சொல்லுங்கள்.

மே 18, இரவு

மதிப்பில்லை என்று சொன்ன அந்த எல்லோரில் எத்தனை பேர் ஜெர்மனியில் வேலை தேடி அலைந்தவர்கள்? ஹோக்ஷூலேவுக்குப் போங்கள். ஏஜென்டுக்கு நாலு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மே 19

நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில் இரண்டே வரியில் போட்டுவிட்டேன். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் 2014 அக்டோபரில் போனவன். கோயம்புத்தூர் கணபதிக்காரன். அப்பாவுக்கு மூன்று லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் உள்ள பட்டறை. விண்ணப்பித்த டி.யூ. அத்தனையும் கைவிரித்து, கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு ஹோக்ஷூலே. அதனால் என் பேச்சில் "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" கொஞ்சம் கலந்திருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஹோக்ஷூலே என்று நாம் சுருக்கிச் சொல்வது பழைய பெயரில் ஃபாக்ஹோக்ஷூலே. அங்கே "எஃப்-ஹா" என்பார்கள். 1968ல் மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு, அதுவரை இருந்த இன்ஜினியரிங் பள்ளிகளை உயர்த்தி உண்டாக்கியவை. ஆராய்ச்சி யூனியில், தொழிற்சாலைக்கு ஆள் இங்கே என்பது அன்றைய கணக்கு. இன்றும் எஃப்-ஹாவில் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருடம் உயர்கல்விக்கு வெளியே இருக்க வேண்டும். எங்களுக்கு மெஷின் டூல்ஸ் எடுத்தவர் கியர் கம்பெனியில் பதினாலு வருடம் இருந்தவர். உடைந்த பல் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பார். என் வகுப்பில் இருபத்தாறு பேர். நான் வரவில்லை என்றால் அவருக்குத் தெரியும்.

டிகிரி மதிப்பு: ஐரோப்பிய நாடுகள் பட்டங்களை ஒரே மாதிரி ஆக்கிக்கொண்ட 1999 போலோன்யா ஏற்பாட்டுக்குப் பிறகு மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான், எங்கே வாங்கினாலும். முன்பு டிப்ளோம் இன்ஜினியர் பட்டத்துக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு எஃப்-ஹா என்று எழுதவேண்டும். எங்கள் கம்பெனியில் ஐம்பது வயதுக்காரர்கள் விசிட்டிங் கார்டில் அந்த அடைப்புக்குறியை இன்னும் பார்க்கலாம். அதில் இருவர் எனக்கு மேலதிகாரிகள்.

ஒரே குறை, ஹோக்ஷூலேயில் பி.எச்டி. பண்ண முடியாது.

மே 20

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஏதோ எஃப்-ஹா சங்கத்துக் கொள்கை பரப்புச் செயலாளர் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை.

என் ரூம்மேட் ஒருவன், திருச்சிக்காரன், முதல் செமஸ்டர் எங்களோடு இருந்துவிட்டு டி.யூ.வுக்கு மாறிப் போனான். அவனுக்குக் கணக்கு என்றால் உயிர். டர்புலன்ஸ் பற்றி இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் பேசுவான். அவனுக்கு எஃப்-ஹா பத்தவில்லை. "என்னடா, சமன்பாட்டைக் காட்டிட்டு உடனே சாஃப்ட்வேரைத் திறக்கறாங்க" என்று புலம்புவான். டி.யூ. போனதும் அவனுக்குச் சரியாயிற்று. உங்களுக்கும் அப்படி ஒரு கிறுக்கு இருந்தால் டி.யூ.வுக்கே போங்கள். நான் நேற்று சொன்னதை மறந்துவிடுங்கள்.

"டி.யூ.9 கெத்து" என்பதற்காக மட்டும் போகாதீர்கள். ஒன்பது டி.யூ.க்கள் சேர்ந்த அந்தக் கூட்டணியின் பெயர் ஆர்.எஸ். புரத்துக் கோச்சிங் சென்டர்களில் அடிபடுகிற அளவுக்கு அங்கே ஃபேக்டரி கேன்டீனில் அடிபடுவதில்லை.

மே 20, பிறகு

டி.யூ. பற்றி யாரும் சொல்லாதது: அங்கே உங்களை யாரும் தேட மாட்டார்கள். பெரும்பாலான வகுப்புக்கு அட்டென்டன்ஸ் கிடையாது, இன்டர்னல் மார்க் கிடையாது, மாடல் எக்ஸாம் கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரே பரீட்சை. நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜில் ஹெச்.ஓ.டி. அப்பாவுக்கு ஃபோன் போட்டு வளர்த்த பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம் நல்லதில்லை.

பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம் என்பது பொதுவான விதி; யூனி, எஃப்-ஹா இரண்டிலும்தான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் போனால் வெளியே. அதோடு ஜெர்மனியில் வேறெங்கும் அதே படிப்பில் சேர முடியாது. அரியர் வைத்து நாலு வருடம் கழித்துக்கூட எழுதலாம் என்ற நம்ம ஊர்ப் பெருந்தன்மை அங்கே இல்லை. கன்ட்ரோல் இன்ஜினியரிங்கில் நான் இரண்டு தடவை கோட்டை விட்டேன். மூன்றாவது எழுதப் போன அன்று காலையில் குடித்த காபி பரீட்சை ஹால் வாசலிலேயே வெளியே வந்துவிட்டது. 3.7ல் பாஸ். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். இது தெரியாமல் பெரியப்பா, "3.7 தான? எத்தனைக்கு, பத்துக்கா?" என்று கேட்டார். "நாலுக்கு" என்றேன். சந்தோஷப்பட்டார்.

மே 24

திருத்தம். எஃப்-ஹாவில் பி.எச்டி. முடியாது என்று 19ஆம் தேதி எழுதியது பழைய கதை. 2016ல் ஹெஸன் மாநிலம் முதன்முதலாக அந்த உரிமையைக் கொடுத்தது, ஆராய்ச்சியில் வலுவான துறைகளுக்கு மட்டும். அதற்குப் பின் வேறு சில மாநிலங்களும் கொடுக்க ஆரம்பித்திருக்கின்றன. இருந்தாலும் பி.எச்டி.தான் குறி என்றால் யூனிதான் நேர்வழி.

ஜூன் 1

பணக் கணக்கு. இரண்டு இடத்திலும் அரசு நிறுவனம் என்றால் பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சின்ன கட்டணம் மட்டும். விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் டி.யூ.வும் 2024 குளிர்காலத்திலிருந்து வாங்குகிறது, அங்கே படிப்பைப் பொறுத்து 2,000 முதல் 6,000 வரை. உங்களுடையது எந்த டி.யூ. என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்குக் காட்டவேண்டிய பிளாக்டு அக்கவுண்டில் இப்போது 11,904 யூரோ போடவேண்டும், மாதம் 992 கையில் வரும். நான் போகும்போது எட்டாயிரத்தை ஒட்டி இருந்தது. அதற்கே அப்பா மில்லிங் மெஷினை அடமானம் வைத்தார். சின்ன ஊரில் 992ல் மூச்சு விடலாம். மியூனிக்கில் வாடகைக்கே முக்கால்வாசி போய்விடும். எனவே யூனியா எஃப்-ஹாவா என்பதோடு ஊரையும் பாருங்கள். எனக்கு எஃப்-ஹா பிடித்துப்போனதில் பாதி, 240 யூரோ வாடகை பிடித்துப்போனதுதான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பார்ட் டைம் வேலை வருடத்துக்கு 120 முழு நாள்தான்.

ஜூன் 2

120 என்பது என் காலத்துக் கணக்கு. 2024 மார்ச்சிலிருந்து 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். வயசாகிறது.

ஜூன் 9

முதலில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன்: ஜெர்மன். உங்கள் இரண்டு அட்மிட்டும் ஆங்கில மீடியம். அதனால் "மொழி போய்ப் பார்த்துக்கலாம்" என்று இருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏ1 (மொழிப் படிகளில் முதலாவது; அதற்கு மேல் ஏ2, பி1, பி2) முடித்து, வாலாஜா ரோட்டுக்கு வழி கேட்கிற அளவுக்கு ஜெர்மன் தெரிந்துகொண்டு போனேன்.

படிப்பு 2017ல் முடிந்தது. வேலை தேட விசா பதினெட்டு மாதம் தருவார்கள். நான் பதினோரு மாதம் தேடினேன். நூற்று நாற்பது விண்ணப்பம். ஒரு இன்டர்வியூவில் சிமுலேஷன் ரிசல்ட் எல்லாம் காட்டி முடித்ததும் அந்த அம்மா, "நல்லது. லைனில் மெஷின் நின்றுவிட்டால் ஆபரேட்டரிடம் எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதில் ஆங்கிலத்தில் வந்தது. அத்தோடு முடிந்தது.

அப்போதே நிலைமை அப்படி. 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்தியர்கள் 49,000 பேருக்கு மேல், சீனர்களைவிட அதிகம். ஆங்கிலத்திலேயே ஓடுகிற வேலைக்கு அத்தனை பேரும் வரிசையில் நிற்கிறார்கள். பி2 வைத்திருக்கிற எஃப்-ஹா பையனுக்கும் ஏ2 வைத்திருக்கிற டி.யூ. பையனுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் நான் யார்மேல் பணம் கட்டுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

சின்ன ஊரில் இன்னொரு லாபம்: பேக்கரிக்காரப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ரொட்டி வேண்டுமென்றால் ஜெர்மன் பேசித்தான் ஆகவேண்டும். (நஷ்டம்: ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாய்கூட இருக்காது. முதல் நவம்பரில் நான் அழுதிருக்கிறேன்.)

ஜூன் 15

தங்கை விஷயம். இழுத்துக்கொண்டே போகிறேன், ஏனென்றால் இதில் எனக்கே மனசு ஒரு நிலையில் இல்லை.

ஆவுஸ்பில்டுங் என்றால் பெரும்பகுதி வேலைத்தளம், வாரத்தில் ஓரிரு நாளோ சில வாரம் சேர்ந்தாற்போலவோ தொழிற்பள்ளி. தொழிலைப் பொறுத்து இரண்டிலிருந்து மூன்றரை வருடம். ஃபீஸ் கட்டுவது போய், அவர்கள் உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். சட்டப்படி குறைந்தபட்சம் 2025ல் சேர்கிறவர்களுக்கு முதல் வருடம் மாதம் 682 யூரோ. நர்சிங்கில் அதைவிட நன்றாகவே வரும். பொதுத்துறை ஆஸ்பத்திரிகளில் முதல் வருடமே 1,300க்கு மேல், பிடித்தம் போவதற்கு முன்னால். இதைக் காட்டித்தான் ஏஜென்ட்கள் "படிக்கறப்பவே லட்சம் ரூபாய் சம்பளம்" என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். அந்தப் போஸ்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த லட்சத்தில் வாடகையும் சாப்பாடும் போனால் என்ன மிஞ்சும் என்பதைச் சொல்லவில்லை.

பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு நேராக யூனியில் பேச்சிலர் சேர அவளால் முடியாது. ஷ்டூடியன்கோலெக் என்று ஒரு வருட ஆயத்தப் படிப்பு, அல்லது நம்ம ஊரில் டிகிரியில் ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும், அல்லது இன்ஜினியரிங் பக்கம் என்றால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. ஆவுஸ்பில்டுங்குக்கு அது எதுவும் வேண்டாம், பள்ளிச் சான்றிதழும் மொழியும் போதும். பொதுவாக பி1 வேண்டும். நர்சிங் பள்ளிகள் பி2 கேட்பது சகஜம்.

வேலை என்ன என்பதை அவளிடம் யாராவது சொன்னீர்களா? நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் ஆயாம்மா வேலை அல்லது கூட இருக்கிற சொந்தக்காரர் வேலை. அங்கே அதுதான் நர்ஸ் வேலையின் நடுப்பகுதி. 2020லிருந்து முதியோர், குழந்தைகள், பொது மருத்துவம் மூன்றும் சேர்ந்த ஒரே படிப்பு; எனவே முதியோர் இல்லத்திலும் கட்டாயம் வேலை பார்த்தாக வேண்டும். காலை ஆறு மணி ஷிஃப்ட், பனியில், பஸ்ஸில். இது தெரிந்து "சரி" என்கிற பெண் அங்கே ராணி மாதிரி இருப்பாள். தெரியாமல் போகிற பெண் மூன்றாவது வாரம் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி அழுவாள். முடிவு உங்கள் அப்பாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. அவளைக் கேளுங்கள்.

ஜூன் 15, கொஞ்ச நேரம் கழித்து

இதைப் படிக்கிற பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் கவனிக்க: நீங்கள் ஆவுஸ்பில்டுங் போகவேண்டியதில்லை. கையில் இருக்கிற படிப்புக்கே அங்கீகாரம் வாங்கலாம். குறைபாட்டைச் சரிக்கட்ட ஒரு பயிற்சி அல்லது ஒரு பரீட்சை இருக்கும். படித்ததையே மூன்று வருடம் மறுபடி படிக்கவைத்துக் கமிஷன் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 22

ஏஜென்ட். ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு. வேலை தருகிறவர் பயிற்சி இடத்துக்குப் பணம் கேட்க மாட்டார். ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமை தளத்தில் காலியிடங்கள் வெளிப்படையாக இருக்கின்றன, விண்ணப்பத்தைத் தங்கையே எழுதலாம். எழுதத் தெரியவில்லை என்றால் பி1 வரவில்லை என்று அர்த்தம். போகவும் நேரம் வரவில்லை. செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் கிளாஸுக்குச் செய்யுங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: வேலை தருகிறவர் பெயர் இருக்கிறதா (ஏஜென்ட் பெயர் இருந்தால் ஓடுங்கள்), எந்தத் தொழிற்பள்ளி என்று எழுதியிருக்கிறதா, சோதனைக் காலம் எத்தனை மாதம். நர்சிங்கில் சோதனைக் காலம் ஆறு மாதம். அதைத் தாண்டிவிட்டால் லேசில் வெளியே அனுப்ப முடியாது.

ஜூலை 6

மனசு ஒரு நிலையில் இல்லை என்று எழுதினேனே, அதற்குக் காரணம் என் சித்தி மகன்.

அவனும் பி.இ. மெக்கானிக்கல். ஒசூரில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, 2021 செப்டம்பரில் ஸ்டுட்கார்ட் பக்கம் மெக்கட்ரானிக்ஸ் ஆவுஸ்பில்டுங்குக்குப் போனான். இருபத்தைந்து வயதில், பதினாறு வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அரம் தேய்த்தான். "பி.இ. முடிச்சிட்டு ஐ.டி.ஐ. படிக்க ஜெர்மனி போறான்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகமாகச் சிரித்தது நான்தான், ஏனென்றால் நான் மாஸ்டர்ஸ்.

இந்தப் பிப்ரவரியில் முடித்தான். மறுநாளே அதே கம்பெனியில் வேலை. தேடவே இல்லை. நான் பதினோரு மாதம், அவன் ஒரு நாள். நிரந்தரக் குடியிருப்பு அனுமதியிலும் சட்டம் இருவரையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது: ஜெர்மனியிலேயே முடித்த டிகிரியோ ஆவுஸ்பில்டுங்கோ இருந்தால், அதற்குத் தகுந்த வேலையில் இரண்டு வருடம், பென்ஷன் கட்டியிருக்க வேண்டும், பி1 வேண்டும். என் டிகிரிக்காக அந்த ஆபீஸில் யாரும் நாற்காலி துடைத்துப் போடவில்லை. அவன் ஜெர்மன் பேசினால் எனக்கே பாதி புரியாது, அந்த வட்டாரத்துச் சுத்தமான ஸ்வேபியன் கொச்சை. பக்கத்து வீட்டுக் கிழவர் அவனைக் கூப்பிட்டுப் பீர் கொடுக்கிறார். என்னை இன்றுவரை "ஹெர் இன்ஜினியர்" என்கிறார்கள்.

இதைவிட நல்ல வழி இல்லை என்று இங்கே எழுதி முடித்திருப்பேன். ஆனால் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இதுவரை மூன்று இடம் வந்து, "பையன் வொர்க்‌ஷாப்லயா இருக்கறாரு" என்று போய்விட்டது. மூன்றரை வருடம் பயிற்சிச் சம்பளத்தில் இருந்ததால் சேமிப்பும் இல்லை. இன்று மாதச் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. மைஸ்டர் முடித்தால் இடைவெளி குறையும். எல்லாம் இனித்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஜூலை 7

மைஸ்டர் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவுஸ்பில்டுங் முடித்து, சில வருடம் வேலை பார்த்து, மேற்படிப்புப் படித்துத் தேர்வு எழுதி வாங்குவது. ஜெர்மன் தகுதி அட்டவணையில் மைஸ்டரும் பேச்சிலரும் ஒரே படி, ஆறாவது. மைஸ்டர் வைத்திருப்பவர் யூனியில் சேரலாம். 2009ல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடி அந்தக் கதவைத் திறந்தார்கள். வெறும் ஆவுஸ்பில்டுங்கும் மூன்று வருட அனுபவமும் இருந்தால்கூடத் தன் துறை சார்ந்த படிப்பில் சேரலாம். தங்கை நர்சிங் முடித்த பிறகு படிக்க ஆசைப்பட்டால் வழி அடைபடவில்லை. இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

ஜூலை 13

அப்பாக்கள் பற்றி.

என் அப்பா 2019ல் வந்தார். எங்கள் கம்பெனியில் குடும்ப நாள், பட்டறையைத் திறந்து காட்டினார்கள். செருப்போடு உள்ளே போனவரை மைஸ்டர் வாசலிலேயே நிறுத்தி, இரும்புக் குப்பி வைத்த ஷூவை மாட்டவைத்தார். நாற்பது வருடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லேத்தில் நின்றவருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் ஒரு ஷாஃப்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். மைஸ்டர் அதைக் கவனித்துவிட்டுப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், ரிஜெக்ட் ஆனது. அப்பா இரண்டையும் உருட்டிவிட்டு ரிஜெக்ட் ஆனதைச் சரியாகத் தனியே வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன், இரண்டு பேருமே கையமர்த்தினார்கள்.

பிறகு அந்த மனிதர் என் டிராயிங் ஒன்றை எடுத்துக் காட்டினார், சிரித்துக்கொண்டே. நான் எச்6 டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு) போட்டிருந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்து, அதைவிடத் தளர்வான எச்7 என்று எழுதியிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "ஏண்டா, இதுக்குப் போயி எச்6 போட்டயா? நம்ம பட்டறைலயே போட மாட்டாங்களே" என்றார்.

ரயிலில் வரும்போது கேட்டார்: "அந்த ஆளு என்ன படிச்சவரு?" பதினாறு வயதில் ஆவுஸ்பில்டுங் சேர்ந்தவர் என்றேன். ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "சாயந்திரம் மூணரைக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவாராமா?" என்று கேட்டார். அதுதான் அவரை ரொம்பப் பாதித்த விஷயம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு நடந்தும், அடுத்த வருடம் என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "எம்.எஸ்., யூனிவர்சிட்டி, ஜெர்மனி" என்றுதான் அச்சடித்தார். எங்கள் எஃப்-ஹாவின் ஆங்கிலப் பெயரில் யூனிவர்சிட்டி என்ற சொல் உண்டு, பின்னால் "ஆஃப் அப்ளைடு சயின்சஸ்" என்று வரும். அதை இடமில்லை என்று வெட்டிவிட்டார். வெட்டியும் பயனில்லை. பெண் வீட்டில் யாரோ ஹோக்ஷூலே என்பதைத் துண்டு துண்டாகக் கூகுளில் போட்டுப் பார்த்து, உயரம் பள்ளி என்று வர, "மாப்பிள்ளை இன்னும் ஹைஸ்கூல்தான் படிச்சிட்டிருக்கறாரா" என்று என் மாமியாரைக் கேட்டிருக்கிறார்கள். என் மனைவி இன்றும் கோபம் வந்தால் என்னை "ஹைஸ்கூல்" என்றுதான் கூப்பிடுவாள்.

ஜூலை 20

இன்னொருவர் தனியாகக் கேட்டதால் சொல்கிறேன்: யூனிவர்சிட்டி என்று பலகை மாட்டிய தனியார் இடங்களைப் பற்றி. தனியார் எல்லாம் மோசம் என்றில்லை. ஆனால் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டி, மொத்த வகுப்பும் நம்ம ஆட்களாகவே இருந்து, ஜெர்மானியன் ஒருவன்கூட இல்லாத இடத்துக்கு எதற்குப் போகவேண்டும்? உள்ளூர்க்காரன் தன் பிள்ளையை அங்கே அனுப்புகிறானா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த உரைகல் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 3

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் ஈழத்துப் பெரியவர், எண்பதுகளில் வந்தவர், மோர்ப் பந்தலில் பேச்சுக் கொடுத்தார். நான் வேலை தேடி அலைந்த கதையைச் சொன்னேன். "தம்பி, என்ர மகள் வங்கியில ஆவுஸ்பில்டுங் செய்தவ. அதுக்குப் பிறகுதான் யூனிக்குப் போனவ. ஏன், நீங்கள் அதை வெட்கமெண்டு நினைக்கிறியளோ?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 17

ஹோக்ஷூலேயைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "நீங்க முதல் நாளே சொன்னதுதான் அண்ணா" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். தம்பி, முதல் நாள் நான் சொன்னதற்குக் காரணமே இல்லை. நடுவில் மூன்று மாதம் மாற்றி மாற்றி எழுதியதை நீங்கள் படிக்கவில்லையா? உங்களுக்கு டர்புலன்ஸ் கிறுக்கு இல்லை, ஊர் செலவு குறைவு, ஜெர்மன் ஏ2 முடித்துவிட்டீர்கள். அதனால்தான் இது சரி. பி1 கிளாஸை விமானம் ஏறும் நாள்வரை விடாதீர்கள்.

தங்கை ஏஜென்டுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள் என்று படித்தேன். அடுத்த வருடம் ஏப்ரல் பேட்ச் குறி என்றால் பி2வுக்கு நேரம் நெருக்கடி. அக்டோபர் பேட்ச் என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாகப் படிக்கலாம். அதற்குள் பக்கத்தில் ஏதாவது முதியோர் இல்லத்தில் ஒரு மாதம் போய் உதவிவிட்டு வரட்டும். பிடிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும், டிக்கெட் செலவில்லாமல்.

செப்டம்பர் 21

விசா கைக்கு வந்ததாகப் பார்த்தேன். எடுத்துப்போக என்ன என்று கேட்ட பட்டியலில் பாதியைத் தூக்கிப் போடுங்கள். அரிசி அங்கே கிடைக்கும். ஜாக்கெட் அங்கேயே வாங்குங்கள், டி. நகர் ஜாக்கெட் நவம்பர் வரை தாங்காது. குக்கர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் அடுப்பா, சாதா ஹாட் பிளேட்டா என்று மெயில் போட்டுக் கேட்ட பிறகு. நான் அலுமினியக் குக்கர் கொண்டுபோய், இண்டக்‌ஷனில் வைத்து, அரைமணி நேரம் விசிலுக்குக் காத்திருந்தவன். காஸ்கெட் கூடுதலாக இரண்டு.

அந்தப் பேக்கரியில் காலை ஏழு மணிக்கு ஒரு பையன் நிற்பான், கை முழுக்க மாவு. அசூபி, அதாவது ஆவுஸ்பில்டுங் பையன். அவனிடம் பேசிப் பழகுங்கள், பொறுமையாகப் பதில் சொல்வான். பாட்டி சொல்ல மாட்டார்.